பொறுத்துப் போ என்றொரு சுவிட்ச்

போன சனிக்கிழமை ஒரு லேப்டாப் என் வீட்டுக்காரரைத் திட்டியது.

அதுவும் எங்கள் வீட்டு ஹாலிலேயே, நல்ல சத்தமாக. "பிழை. திறந்த அடைப்பு மூடப்படவில்லை. பிழை. இந்தக் கட்டளை இங்கே வரக் கூடாது. பிழை..." என்று நிறுத்தி நிதானமாக. பேச்சில் ஒரு ‘ங்க’ கூட இல்லை! நான் சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அரிசிம்பருப்புச் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சோறு நாளைக்கும் ஆக்கலாம்... இந்தக் காட்சி நாளைக்குக் கிடைக்குமா?

திட்டு வாங்கியவரைப் பற்றி, இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் காலேஜில் கணக்குப் புரொஃபசர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். மாணவர்களைக் ‘கண்ணு’ என்பார், மாணவிகள் என்றால் ‘கண்ணு’ம் உண்டு, ‘அம்மணி’யும் உண்டு. போர்டில் தப்பாகப் போட்ட பையனிடம்கூட, "இப்படியும் யோசிக்கலாமுங்க கண்ணு... ஆனா விடை வராதுங்க" என்றுதான் சொல்வாராம். பையன்கள் மட்டும் சளைத்தவர்களா? வகுப்பு முடிந்து யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் — "சூப்பருங்க சார்."

புரிந்ததா என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

இவ்வளவு சாதுவான மனிதருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அவருடைய நோட்ஸ். அத்தனையும் அவரே டைப் அடித்தது. சும்மா டைப் இல்லை... லேடெக் என்று ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘எக்ஸ்’ வரும், ஆனால் அதைச் சேர்த்து ‘லேடெக்ஸ்’ என்று சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும், ஜாக்கிரதை.

கணக்குப் புத்தகத்தில் பின்னம், வர்க்கமூலம், எழுத்தின் தலையில் ஒரு குட்டி எழுத்து என்றெல்லாம் வருகிறதே — அவற்றை அழகாக அச்சுக்கோக்கக் கணக்கு வாத்தியார்கள் கையாளும் முறை அது. நாம் அடிக்கும் கடிதம் மாதிரி அடித்தவுடன் திரையில் அழகாகத் தெரியாது. ‘இங்கே ஒரு பின்னம், மேலே இது, கீழே இது’ என்று கட்டளை கட்டளையாக எழுத வேண்டும். பார்த்த இடமெல்லாம் சாய்கோடு, வளைந்த அடைப்புக்குறி, டாலர் குறி. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கீபோர்டு மேல் பல்லி ஓடிய மாதிரி இருந்தது. ஆனால் ஒரு பட்டனைத் தட்டியதும் அதிலிருந்து ஒரு பக்கம் வரும் பாருங்கள்... பணக்காரக் கல்யாணப் பத்திரிகை தோற்றுப்போகும்!

நீளமான கட்டளைகளுக்கு நாமே ஒரு சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாமாம். தேற்றம் தொடங்குகிற இடத்துக்கு இவர் வைத்திருக்கும் பெயர் ‘வாங்க’. முடிகிற இடத்துக்கு? ‘வாரேன்’. ஏனுங்க இப்படி என்று கேட்டதற்கு, "முடிக்கறப்ப ‘போறேன்’னு அடிக்கக் கை வரமாட்டேங்குது" என்றார். வந்த தேற்றத்துக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்காததுதான் பாக்கி.

இப்போது பர்வீனுக்கு வருகிறேன். இவருடைய எம்.எஸ்ஸி. மாணவி. உக்கடத்துப் பெண். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, டவுன்ஹால் பக்கம் அத்தர் கடை வைத்திருக்கிறார். பர்வீனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப் என்று உட்கார்ந்தால், நான் ஒரு வரி படிப்பதற்குள் அவள் ஒரு பக்கம் கேட்டு முடித்திருப்பாள். அவ்வளவு வேகத்தில் அது பேசும். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கொசு ரீங்காரம் மட்டும்தான் கேட்கும்.

முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "சாரோட ஆல்ஜீப்ராவுக்காகத்தான் ஆன்ட்டி எம்.எஸ்ஸி.யே சேர்ந்தேன். மேல ரிசர்ச் பண்றதுன்னாலும் இதுலதானுங்க பண்ணுவேன்." எனக்குப் பள்ளிக்கூடத்தோடு ஆல்ஜீப்ரா உறவு முறிந்துவிட்டது. அதை இப்படி ஆசையாகச் சொல்லும் ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆசை இருந்தால் போதுமா? நோட்ஸ் படிக்க வேண்டாமா?

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. கதை, கட்டுரை என்றால் அது தடங்கல் இல்லாமல் படித்துவிடும். கணக்கில்தான் வம்பு. மேலே ஏ கூட்டல் பி, நடுவில் கோடு, கீழே சி என்று ஒரு பின்னம் இருக்கிறது என்று வையுங்கள். நமக்குப் பார்த்ததும் தெரிகிறது. அந்த மென்பொருளோ ‘ஏ பி சி’ என்று எல்.கே.ஜி. குழந்தை மாதிரி ஒப்பித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எது மேலே, எது கீழே, வகுப்பது பியை மட்டுமா, ஏ, பி இரண்டையும் சேர்த்தா... அதற்கு எதுவுமே தெரியாது. என் வீட்டுக்காரரின் பத்திரிகை அழகெல்லாம் அவளுக்குச் சிதறிக் கிடக்கும் எழுத்துகள்தான்.

பர்வீன் உட்கார்ந்து அழவில்லை. யோசித்தாள். அச்சான பக்கம் எனக்கு எதற்கு, அதற்குப் பின்னால் இருக்கும் கட்டளைகள் போதுமே! எது மேலே, எது கீழே என்று அங்கேதானே சார் கைப்பட எழுதியிருக்கிறார்? ஃபைலையே கேட்டு வாங்கிக்கொண்டாள். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு லைப்ரரியைத் தேடிப் பிடித்தாள். லைப்ரரி என்றால் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் நிரல். நம் பல்லி ஓடிய ஃபைலை அதன் கையில் கொடுத்தால், அதைக் கிளை கிளையாகப் பிரித்து ஒரு மரமாக்கித் தந்துவிடுமாம்.

புத்தகம் அடிமரம். அத்தியாயம் ஒரு கிளை. அதில் தேற்றம் ஒரு கிளை. தேற்றத்துக்குள் பின்னம் என்று ஒரு சின்னக் கிளை. அதில் மேலே ஒரு குச்சி, கீழே ஒரு குச்சி. எந்த இலை எந்தக் குச்சியில் தொங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் வாசிப்பது சுலபம். மரத்தின் மேல் ஏறி இறங்கித் தமிழில் சொல்லும் வேலையை அவளே நிரலாக எழுதிவிட்டாள். "பின்னம் ஆரம்பம். மேலே, ஏ கூட்டல் பி. கீழே, சி. பின்னம் முடிந்தது." இவருடைய வாங்க, வாரேன் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே அந்த லைப்ரரிக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "என் நோட்ஸ் பேசுதுங்க" என்று பால்காரரிடம் சொன்னார். பால்காரரும், "அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்றார். எதற்கு சந்தோஷம் என்று அவருக்கும் தெரியாது, இவரும் கேட்கவில்லை.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது... டெஸ்ட் வரும்வரை.

டெஸ்டில் பர்வீனுக்கு மார்க் குறைந்தது. தேற்றத்தை எழுதியிருக்கிறாள், அதன் நிபந்தனையைக் காணோம். நிரூபணம் எழுதியிருக்கிறாள், நடுவில் ஒரு துண்டைக் காணோம். அடுத்த டெஸ்டிலும் அதே கதை. "இன்னும் கொஞ்சம் கவனமாப் படிக்கோணும் அம்மணி" என்று இவர் சொல்லியிருக்கிறார். "சரிங்க சார்" என்று அவளும் தலையாட்டியிருக்கிறாள். கேட்டதை வரிக்கு வரி ஒப்பிக்கக் கூடிய பெண் எப்படி நிபந்தனையை மட்டும் விடுகிறாள் என்று இவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், மனசு கஷ்டப்படுமே!

போன சனிக்கிழமை காலையில் அத்தாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு டப்பா தம்ரூட், ரவையில் செய்கிற இனிப்பு. வீட்டில் செய்ததாம். உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். மேம்பால வேலையைப் பற்றிப் பேசினாள். என் போன வாரப் பத்தி நன்றாக இருந்தது என்றாள். நம் ஊரில் யாராவது இப்படிச் சுற்றி வளைத்தால், மடியில் ஏதோ கனமான விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். நான் டீ கொண்டுவந்து வைத்தபோதுதான் அது வெளியே வந்தது.

"அடுத்த செமஸ்டருக்கு இதோட ரெண்டாம் பாகம் எடுக்கலீங்க சார். ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுத்துக்கலாம்னு இருக்கேனுங்க. திங்கக்கெழம ஃபார்ம் குடுக்கோணும்."

என் வீட்டுக்காரர் கையில் டீ அப்படியே நின்றது. "ஏன் அம்மணி?"

"டைம்டேபிள் ஒத்து வரலீங்க சார்."

"அப்படியா... சரி கண்ணு. உனக்கு எது வசதியோ அதையே செய்."

"ரொம்ப நன்றிங்க சார்."

அவ்வளவுதான். முடிந்தது. ஆல்ஜீப்ராவுக்காகவே வந்தவள் அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாள். இத்தனை வருஷத்தில் கிடைத்த நல்ல மாணவியை இவர் நன்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறார். இரண்டு பேர் முகமும் செத்துப்போயிருக்கிறது. ஆனால் பேச்சில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை!

நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் உங்களில் ஒருத்திதான். பொள்ளாச்சியில் பிறந்தவள்.

ஆர்.எஸ்.புரத்தில் எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். வெளியூர்க்காரர். வந்த புதிதில் ரொம்பத் தவித்துப்போனாராம். "வலிக்குதா?" என்று கேட்டால், கண்ணில் தண்ணீர் தாரையாக வடிய, "இல்லீங்க டாக்டர், நீங்க பாருங்க" என்பார்களாம். டாக்டர் மனசு நோகக் கூடாதாம்! இப்போதெல்லாம் அவர் வாயைக் கேட்பதில்லை. நாற்காலியின் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் வைத்தியம் செய்கிறார். இவ்வளவு ஏன்... வாசகர் ஒருவர் என்னைக் கடைவீதியில் நிறுத்தி, "இந்த வாரம் பிரமாதமா எழுதிப்போட்டீங்க அம்மா" என்றார். எது பிடித்தது என்று கேட்டேன். "இனிமேத்தான் படிக்கோணுமுங்க" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிறந்தது பொள்ளாச்சி என்றாலும் என் வாய் மட்டும் வேறு எங்கோ பிறந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"பர்வீன், டைம்டேபிளை விடு. சாரோட நோட்ஸ் உனக்குப் புரியுதா, இல்லையா?"

"புரியுதுங்க ஆன்ட்டி."

"முழுசாக் கேக்குதா?"

"கேக்குதுங்க."

"எங்க, எனக்கும் கேக்கற மாதிரி போடு. மெதுவா."

அவள் தயங்கினாள். ஹெட்போனைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, டெஸ்டில் வந்த அந்தத் தேற்றத்தைப் போட்டாள். லேப்டாப் பேசியது. தேற்றம் ஆரம்பம் என்றது. ஏதோ கணம் என்றது, உறுப்பு என்றது. தேற்றம் முடிந்தது என்றது. பிறகு, "நிரூபணம் ஆரம்பம். ஆகவே, இடது பக்கமும் வலது பக்கமும்..." என்றது.

"நிறுத்து" என்றேன்.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் வாரா வாரம் எழுதிப் பிழைக்கிறவள். யாராவது பேச்சை ‘ஆகவே’ என்று ஆரம்பிப்பார்களா? ஆகவே என்றால் அதற்கு முன்னால் எதையோ சொல்லியிருக்க வேண்டுமே?

"ஏனுங்க, உங்க நிரூபணம் ‘ஆகவே’ன்னுதானா தொடங்குது?"

"அதெப்படி? அதுக்கு முன்னால ஒரு பத்தியே இருக்குதே!" என்று என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "தேற்றத்தோட நிபந்தனையையும் காணோம். இரு, இரு..."

அவருடைய அச்சடித்த நோட்ஸை எடுத்துவந்து விரித்தார். நிபந்தனை இருந்தது. விடுபட்ட பத்தியும் இருந்தது. ஆனால் நிபந்தனை இருந்த வரி மட்டும் ஒரு மாதிரி இருந்தது. எழுத்தெல்லாம் சாய்ந்து, சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாமல், காந்திபுரம் பஸ்ஸில் காலை நேரத்தில் நிற்பது போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"இதென்னங்க இது?"

"அதா... எங்கியோ ஒரு டாலர் குறி விட்டுப் போயிருக்கும். படிக்கறவங்களுக்குப் புரியுமில்ல?"

"கண்ணால படிக்கறவங்களுக்கு" என்றேன்.

அவர் நோட்ஸை மூடப் பார்த்தார். நான் விடுவேனா? தப்பு இருந்தால் அந்த லேடெக் சொல்லாதா என்று கேட்டேன். சொல்லுமாம். நின்று கேட்குமாம். இவர் என்ட்டரைத் தட்டிவிடுவாராம். தட்டினால் அது தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு மேலே போய்விடுமாம். "என்ட்டர் தட்டினாப் போயிரும், ஒண்ணும் ஆகாது" — இதுதான் என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமாகக் கடைப்பிடித்த அச்சுக்கலை.

அவர் பர்வீன் பக்கம் திரும்பினார். "ஆனா அம்மணி, உன் லைப்ரரி? மரம் கட்டறப்ப ஒரு அடைப்பு மூடாம இருந்தாக்கூட அது கண்டுபிடிச்சிருமே. உனக்குச் சொல்லலையா?"

பர்வீன் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"சொல்லுச்சுங்க சார். மொத நாளே சொல்லுச்சு. மொதப் பக்கத்துலயே நின்னு போச்சுங்க."

"அப்புறம்?"

"அதுல ஒரு செட்டிங் இருக்குதுங்க. தப்பு வந்தாப் பொறுத்துட்டு, தெரிஞ்ச வரைக்கும் மரம் கட்டிட்டு மேல போற மாதிரி. அதை ஆன் பண்ணிப்போட்டேனுங்க."

"ஏன் கண்ணு?"

"இல்லாட்டி நாந்தானுங்க சார் உங்ககிட்ட வந்து, ஃபைல்ல தப்பு இருக்குதுன்னு சொல்லோணும். அதெப்படிங்க சார் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பு வர வேண்டிய இடம்தான், வரவில்லை. தனக்கு உயிரான படிப்பை விட்டுவிடத் தயாராக இருக்கிறாள். ‘தப்பு’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்லத் தயாராக இல்லை! லைப்ரரி பொறுத்துப் போனது. எங்கெங்கே குழம்பியதோ அங்கங்கே கிளையோடு வெட்டிப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி அடுத்த கிளைக்குத் தாவியது. நிபந்தனை விழுந்தது, பத்தி விழுந்தது, மார்க் விழுந்தது. தன் மண்டையில்தான் ஏறவில்லை என்று இந்தப் பெண் முடிவு கட்டிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை லேப்டாப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "அதை ஆஃப் பண்ணு அம்மணி" என்றார்.

"பரவால்லீங்க சார், நான் எப்படியாச்சும்..."

"ஆஃப் பண்ணு."

அப்போதுதான் ஆரம்பித்தது, நான் மேலே சொன்ன திட்டு.

முதல் பிழையே அமர்க்களம். "பிழை. முதல் வரி. ஆவணம் தொடங்கும் முன்பே ஓர் எழுத்து இருக்கிறது." என்ன எழுத்து? பார்த்தால்... உ! பிள்ளையார் சுழி! எந்தக் காரியத்தையும் சுழி போடாமல் தொடங்கக் கூடாது என்று ஒவ்வொரு ஃபைலின் உச்சியிலும் சுழி போட்டுத்தான் மனிதர் ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் லேடெக் நின்று கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இவர் என்ட்டரைத் தட்டியிருக்கிறார்.

"எடுத்துருங்க" என்றேன்.

"பிள்ளையாரை எடுக்கறதா? என்ன பேச்சு பேசற?" சாதுவான மனிதர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்.

பர்வீன்தான் தீர்த்துவைத்தாள். "எடுக்க வேண்டாங்க சார். அதுக்கு முன்னால ஒரு பர்சென்ட் குறி போட்டுருங்க. அந்தக் குறிக்கு அப்புறம் அந்த வரியில என்ன இருந்தாலும் மெசின் கண்டுக்காதுங்க. அவரு பாட்டுக்கு அங்கியே இருப்பாரு." இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பர்சென்ட் குறியின் நிழலில் பிள்ளையார் சௌக்கியமாக உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் வரிசையாக வந்தது பாருங்கள். மூடாத அடைப்பு. இரண்டு தடவை மூடிய அடைப்பு. வாங்க என்று கூப்பிட்டுவிட்டு வாரேன் சொல்லாமல் விட்ட தேற்றம். ஒவ்வொன்றுக்கும், "பிழை" என்று அந்த மரக்கட்டைக் குரல். முதலில் இவர், "அது வந்து கண்ணு, அன்னைக்குக் கரண்ட் போயிருச்சு" என்று ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். லேப்டாப்பிடம் சமாதானம் எடுபடுமா? கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். அது சொல்லும், இவர் திருத்துவார். அது மறுபடி மரம் கட்டும், அடுத்த இடத்தில் நிற்கும். அடிப்பிடித்த சோற்றைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்குங்க ஆன்ட்டி" என்றாள் பர்வீன். அவளை ஒரு முறை முறைத்தேன், அவளுக்கு அது தெரியப்போவதில்லை என்ற நினைப்பே இல்லாமல். ஆனால் நான் சும்மா இருந்த அந்த இடைவெளியே அவளுக்குப் போதுமாக இருந்தது போலிருக்கிறது. "கொஞ்சம் கருகிப் போச்சுங்க" என்றாள் மெதுவாக.

சாயங்காலத்துக்குள் அந்த அத்தியாயம் ஒரு பிழையும் இல்லாமல் மரமாகி நின்றது. பர்வீன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டாள். நிபந்தனை வந்தது. காணாமல்போன பத்தி வந்தது. அவள் முகம் மலர்வதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். "இப்படித்தானுங்களா சார் இருந்துது... இது எவ்வளவு அழகா இருக்குதுங்க!" என்றாள். நான் பத்திரிகை அழகு என்று கிண்டல் செய்த நோட்ஸ் அவளுக்கு அன்றைக்குத்தான் அழகானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தம்ரூட் டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போடப் போகும்போது...

"சார்" என்றாள்.

"என்ன அம்மணி, இன்னும் ஏதாச்சும் அடைப்பு மூடலையா?"

"அடைப்பெல்லாம் சரிங்க." திரும்ப ஓட்டினாள். கேட்டாள். இன்னொரு தடவை ஓட்டினாள். "இந்த நிரூபணத்துல, நாலாவது அடியில... ரெண்டு பக்கத்தையும் ‘டி’யால வகுக்கறீங்க."

"ஆமா."

"அந்த ‘டி’ பூஜ்யமா இருந்தா என்னங்க ஆகும்?"

பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது. எனக்கே தெரியும். ஆல்ஜீப்ராவோடு உறவு முறிந்தவளுக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அது பூஜ்யமா வராது கண்ணு. ஏன்னா..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். தம்ரூட்டைக் கீழே வைத்தார். பேப்பரை இழுத்தார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"வரும்" என்றார் கடைசியில்.

பர்வீனின் உதடு அசைந்தது. சுற்றி வளைக்க ஒரு வழி தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மழை இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, டைம்டேபிள் இருக்கிறது... எதையும் எடுக்கவில்லை.

"அப்ப இது தப்புங்க சார்."

என் வீட்டுக்காரர் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. "ஏம்மா, எத்தனை பேட்ச் பசங்க இதைப் படிச்சிருக்காங்க! கண்ணை வச்சுக்கிட்டுப் படிச்சிருக்காங்க! ஒருத்தர்கூடச் சொல்லலையே!" என்று என்னிடம் கேட்டார்.

"ஏன் சொல்லலை? சூப்பருங்க சார்னு சொன்னாங்களே" என்றேன்.

"பூஜ்யமா இருக்கறப்பத் தனியா ஒரு நிரூபணம் வேணுங்க சார். நான் வேணா முயற்சி பண்ணிப் பாக்கட்டுங்களா?" அவள் ஏற்கெனவே கீபோர்டில் கையை வைத்துவிட்டாள்.

இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் பயந்துகொண்டே கேட்டார். "அம்மணி... திங்கக்கிழமை அந்த ஃபார்ம்?"

"ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கலீங்க சார். ரெண்டாம் பாகத்துல இன்னும் என்னென்ன இருக்குதோ... யாராச்சும் உக்காந்து கேட்டுச் சொல்லோணுமில்லீங்க?"

இத்தனை வருஷமாக இவர் வகுப்புக்கு வந்ததெல்லாம் விருந்தாளிகள். மாணவி இப்போதுதான் வந்திருக்கிறாள்.